வளைந்த கேமிங் மானிட்டர்: கெடு முடிவதற்குள் சோதித்துப் பார்க்கும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். 34 அங்குல வளைந்த மானிட்டர். இரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்து வைத்து வாங்கியது. திரையின் இடது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி அணையாமல் எரிகிறதாம்.

"எப்போது பார்த்தாய்?"

"நேற்று ராத்திரி, அண்ணே. வாங்கிப் பதினோரு நாள் ஆகிறது."

மாற்றிக் கொடுக்கும் கெடு பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவன் விளையாடிக்கொண்டிருந்தான். யார்தான் விளையாடாமல் இருப்பார்கள்?

முத்தியால்பேட்டையில் என் வீட்டிலும் நண்பர்கள் வீடுகளிலும் இப்படிப் பல மானிட்டர்களைப் பெட்டி பிரித்துச் சோதித்திருக்கிறேன். இந்த வேலைக்குக் கூர்மையான கண்ணை விடச் சரியான வரிசை முக்கியம். திருப்பி அனுப்ப வேண்டிய குறைகளை முதல் நாளிலேயே தேட வேண்டும். பழகப் பழகச் சரியாகக்கூடியவற்றைப் பிறகு பார்க்கலாம். நிறம், பளபளப்பு, விளையாட்டு எல்லாம் கடைசி. புதிதாக வாங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. முதலில் மேசையை அளந்துகொள்ளுங்கள்

வளைவை 1800ஆர், 1500ஆர், 1000ஆர், 800ஆர் என்று குறிப்பிடுவார்கள். இது ஆரத்தின் அளவு, மில்லிமீட்டரில். 1800ஆர் என்றால் 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும். எண் பெரியதாக இருந்தால் உயர்ந்த ரகம் என்று நினைத்து வாங்கியவர்களும் உண்டு.

வளைவு உங்கள் மேசையில் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 34 அங்குல, 1800ஆர் திரையின் இரு ஓரங்களும் நடுப்பகுதியை விட ஏறக்குறைய 4 செ.மீ. முன்னே வரும். 49 அங்குல, 1000ஆர் திரையில் இது 17 செ.மீ. ஆகிறது. மேசை 60 செ.மீ. ஆழம் என்றால், தாங்கியின் கால்களும் இந்த இறக்கைகளும் போக விசைப்பலகைக்கு மிஞ்சுவது கையகல இடம்தான்.

கடைக்குப் போவதற்கு முன் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, திரையின் அளவுக்கு வெட்டிச் சுவரில் மாட்டுங்கள். 34 அங்குல அகலத்திரை சுமார் 80 செ.மீ. அகலம், 49 அங்குலம் வளைந்த நிலையிலேயே 113 செ.மீ. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாலை முழுவதும் அந்தத் தாளைப் பாருங்கள். கழுத்தைத் திருப்பாமல் இரண்டு ஓரமும் தெரிகிறதா? தெரியாவிட்டால் அது உங்களுக்கான அளவு இல்லை. இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் நான் சொன்னவர்களில் பாதிப் பேர்கூடச் செய்ததில்லை.

2. கிராபிக்ஸ் கார்டின் சக்தியைப் பாருங்கள்

திரையில் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளி) இருக்கிறதோ அத்தனையையும் ஒவ்வொரு சட்டகத்திலும் (ஃப்ரேம்) கார்டு வரைந்தாக வேண்டும். பழைய 1920×1080 திரையில் 20.7 லட்சம் பிக்சல். 3440×1440 திரையில் 49.5 லட்சம். 5120×1440 திரையில் 73.7 லட்சம். 3840×2160, அதாவது 4கே, 82.9 லட்சம். இப்போது உங்கள் விளையாட்டு 1080இல் விநாடிக்கு 90 சட்டகம் ஓடுகிறது என்றால், 4கேயில் அதே அமைப்புகளோடு 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை, அதாவது விநாடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையை, நிரப்பும் என்று எதிர்பார்ப்பது குடத்து நீரை வைத்துக்கொண்டு ஏரிக்குக் கரை கட்டுவது போல.

அளவையும் பிக்சலையும் சேர்த்தே பாருங்கள். 34 அங்குலத்தில் 3440×1440 என்றால் அங்குலத்துக்கு சுமார் 110 பிக்சல். எழுத்து கூர்மையாக இருக்கும். அதே 3440×1440ஐ 45 அங்குலத்தில் விரித்தால் 83தான் வரும். எல்ஜி 2023இல் கொண்டுவந்த 45 அங்குல, 800ஆர் ஓஎல்இடி (இந்த வகையை அடுத்த படியில் சொல்கிறேன்) இந்தக் கணக்கில்தான் இருந்தது. விளையாட்டுக்கு அது அற்புதமாக இருக்கலாம். பகலில் அதே திரையில் கணக்கு எழுதுகிறவருக்கு எழுத்துகளின் விளிம்பு கரடுமுரடாகத் தெரியும்.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அது 21:9 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) அகலத்திரையை ஆதரிக்காது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் கால் பங்கு சும்மா கிடக்கும்.

3. பேனல் வகையை அறையின் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

எல்சிடி என்பது பின்னால் எரியும் விளக்கால் (பின்னொளி) ஒளிரும் திரை. வளைந்த எல்சிடி திரைகளில் பெரும்பாலானவை விஏ என்ற வகைப் பேனல். கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் இருண்ட நிறத்திலிருந்து சற்றே வெளிச்சமான நிறத்துக்கு மாறும்போது பேனல் தாமதிக்கும். அந்தத் தாமதம் கறுப்பு இழுவலாகத் தெரியும். இதைச் சோதிக்கும் முறை ஒன்பதாம் படியில் வருகிறது. ஐபிஎஸ் என்ற இன்னொரு எல்சிடி வகையில் இந்த இழுவல் குறைவு, ஆனால் கறுப்பு சாம்பல் பூத்தது போல இருக்கும்.

ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால் கறுப்பு உண்மையாகவே கறுப்பு. இதில் க்யூடி-ஓஎல்இடி என்ற வகை 2022இல் ஏலியன்வேரின் 34 அங்குல, 1800ஆர் மானிட்டரோடு சந்தைக்கு வந்தது. இதன் ஒரு குணத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அறையில் வெளிச்சம் விழும்போது, திரையின் கறுப்பு லேசான ஊதா கலந்த சாம்பலாக மாறிவிடும். கிழக்கு பார்த்த ஜன்னல், காலையில் கடல் பக்கத்து வெயில் நேராக உள்ளே விழும் வீடு என்றால், கறுப்புக்காகக் கொடுத்த பணம் பகலில் வீண். இரவில்தான் விளையாடுவேன் என்கிறவர் தயங்காமல் வாங்கலாம்.

எழுத்து வேலை அதிகம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். க்யூடி-ஓஎல்இடியின் துணைப் பிக்சல்கள் (ஒரு பிக்சலுக்குள் உள்ள சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்) முக்கோணமாக அடுக்கப்பட்டிருப்பதால், வெள்ளைப் பின்னணியில் எழுத்தின் மேலும் கீழும் மெல்லிய நிறக்கோடு தெரியலாம். தமிழில் சுழிகளும் கொம்புகளும் அதிகம். எனக்கு இது ஆங்கிலத்தை விடத் தமிழில்தான் முதலில் கண்ணில் பட்டது.

4. வாங்கும் இடமும் விதிமுறையும்

புதுச்சேரியில் வாங்கினால் மலிவு என்ற நினைப்பு கடலூர்ப் பக்கம் இன்னும் ஓயவில்லை. அது 2017க்கு முந்தைய கதை. ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு பக்கமும் வரி ஒன்றே. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகிவிட்டது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டித் தள்ளுபடி தருவதாகச் சொன்னால், அந்தத் தள்ளுபடியில் வரிக்குறைப்பு எவ்வளவு, கடைக்காரரின் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

விலையை விட முக்கியமான மூன்று கேள்விகள் உண்டு. குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்? பணம் திரும்ப வருமா, மாற்று மானிட்டர் மட்டும்தானா? ஓஎல்இடி என்றால், ஒரே படம் நெடுநேரம் நின்று திரையில் படிந்துபோகும் தழும்பு உத்தரவாதத்தில் அடங்குமா? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கெடுவைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பழுதான பிக்சல் எத்தனை வரை பொறுக்கத்தக்கது என்று ஐஎஸ்ஓ 9241-307 என்ற தரநிர்ணயத்தில் வகுப்புகள் இருக்கின்றன. ஒன்றிரண்டு புள்ளி போனால் அது பழுதே இல்லை என்று தயாரிப்பாளர் சொல்ல முடியும். மூன்று வருட உத்தரவாதம் அந்த ஒற்றைப் பச்சைப் புள்ளிக்கு உதவாமல் போகலாம். உதவக்கூடியது கடையின் பத்து நாள்தான். மஞ்சக்குப்பத்துத் தம்பிக்கு நேர்ந்ததும் இதுதான்.

5. பெட்டியைப் பிரிக்கும்போது

வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டு தெரிவதிலிருந்து தொடங்கி, ஒட்டுநாடா வெட்டுவது, மானிட்டர் முதன்முதலில் ஒளிர்வது வரை வெட்டில்லாமல் ஒரே காட்சியாக இருக்க வேண்டும். இடையில் நிறுத்தி எடுத்த வீடியோவை ஏற்க மறுத்ததை ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டு பேர் தூக்குங்கள். வளைந்த திரையை நடுவில் பிடித்தால் விரல் அழுத்தம் பேனலில் விழும். ஓரங்களைப் பிடித்து ஒருவர் தனியாகத் தூக்கினால் வளைவு மேலும் வளையப் பார்க்கும். பெரும்பாலான பெட்டிகளில் திரை தெர்மாகோல் மேல் முகம் கவிழ்ந்தபடி படுத்திருக்கும். அப்படியே விட்டு, பின்புறத்தில் தாங்கியைப் பொருத்தி, தாங்கியைப் பிடித்துத் தூக்குவதுதான் வழி. மெத்தை மேல் கவிழ்த்து வைக்காதீர்கள். மெத்தை வளைவுக்கு ஏற்பத் தாங்காது. எடை முழுவதும் இரண்டு ஓரங்களில் இறங்கும்.

6. மின்சாரம்

மூன்று துளை பிளக்கில் எர்த் உண்மையில் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருப்பது உண்டு. மானிட்டரின் உலோகக் காலைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகிப் பிடுங்கினால், கசியும் மின்சாரம் கார்டின் போர்ட்டைப் பழுதாக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரி செய்த பிறகுதான் அடுத்த படி. இதற்காக ஒரு நாள் போனாலும் போகட்டும்.

ஓஎல்இடி வாங்கியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் வீடுகளில் ராத்திரி படுக்கும்போது சுவர் ஸ்விட்சை அணைப்பது தாத்தா காலத்துப் பழக்கம். ஓஎல்இடி திரை சில மணி நேரம் ஓடிய பிறகு, அணைந்திருக்கும் வேளையில் தன் பிக்சல்களைச் சமன்செய்துகொள்ளும். அதற்குச் சில நிமிடம் மின்சாரம் வேண்டும். சுவர் ஸ்விட்ச் அணைந்திருந்தால் அந்த வேலை நடக்கவே நடக்காது. ஒரு நண்பர் வீட்டில் அவருடைய அம்மா ஒவ்வொரு ராத்திரியும் மறக்காமல் ஸ்விட்சை அணைத்தார். திரை தினமும் காலையில் 'பராமரிப்பு முடியவில்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நண்பர் மானிட்டர் பழுது என்று கடையைத் திட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஸ்விட்சின் மேல் ஒரு காகிதம் ஒட்டினோம்: "அம்மா, இதை விட்டுவிடுங்கள்."

இடி மின்னல் நேரத்தில் மட்டும் தயங்காமல் பிளக்கைப் பிடுங்குங்கள்.

7. சோதனைக்கு முன் சரிசெய்ய வேண்டியவை

பெட்டியில் வந்த டிஸ்ப்ளே போர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். பழைய எச்டிஎம்ஐ கேபிள் கையில் இருக்கிறதே என்று அதைச் செருகுவதுதான் வழக்கமான தவறு. எச்டிஎம்ஐ 2.0 விநாடிக்கு 18 கிகாபிட் கடத்தும், 2.1 என்றால் 48. 175 ஹெர்ட்ஸ் ஓட வேண்டிய 3440×1440 திரை, 2.0 வழியாக 100 ஹெர்ட்ஸில் நின்றுவிடக்கூடும். கேபிள் கார்டின் துளையில் செருகியிருக்கிறதா, மதர்போர்டின் துளையிலா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், மூன்று பேர் வீட்டில் பார்த்துவிட்டேன்.

அடுத்து விண்டோஸ் அமைப்புகளில் சிஸ்டம், டிஸ்ப்ளே, மேம்பட்ட டிஸ்ப்ளே என்று போய்ப் புதுப்பிப்பு வேகத்தைக் கையால் உச்சத்துக்கு மாற்றுங்கள். புது மானிட்டரை விண்டோஸ் பல சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டும். 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை நான்கு மாதம் 60இல் ஓட்டிவிட்டு, "பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே" என்றவர் வில்லியனூரில் இருக்கிறார்.

மானிட்டரின் சொந்த மெனுவில் எல்லாவற்றையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, கூர்மை கூட்டுதல், மாறும் கான்ட்ராஸ்ட், கறுப்பை வெளுப்பாக்கும் வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள். இவை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பார்க்கும் குறை பேனலுடையதா, மெனுவுடையதா என்று தெரியாது. அரை மணி நேரம் திரையை ஓடவிட்ட பிறகு அடுத்த படிக்குப் போங்கள். சூடேறுவதற்கு முன் வெளிச்சமும் நிறமும் நிலைப்பதில்லை.

8. முதல் இரவு: பேனல் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

பெயிண்ட் போன்ற எந்த நிரலிலும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஒற்றை நிறப் படங்கள் ஐந்து தயாரித்துத் திரை முழுவதும் காட்டுங்கள். ஆறாவதாக ஒரு கருஞ்சாம்பல்: மூன்று நிறத்துக்கும் 255இல் 13. இந்தச் சாம்பல் படம்தான் பொய் சொல்லாதது. கறுப்பிலும் வெள்ளையிலும் ஒளிந்துகொள்ளும் குறைகள் இதில் வெளியே வரும்.

அறை விளக்கை அணையுங்கள். திரையை மூன்று மூன்றாக ஒன்பது கட்டமாக மனதில் பிரித்து, ஒரு சாண் தூரத்திலிருந்து கட்டம் கட்டமாகப் பாருங்கள். மொத்தத் திரையையும் ஒரே பார்வையில் மேய்ந்தால் எதுவும் அகப்படாது.

எல்லா நிறத்திலும் கறுப்பாகவே இருக்கும் புள்ளி செத்த பிக்சல். கறுப்புப் படத்திலும் நிறத்தோடு எரியும் புள்ளி சிக்கிய பிக்சல். கோணத்தை மாற்றும்போது இடம் மாறுவது போலத் தெரிந்தால் அது மேல் பரப்பில் உள்ள தூசி. உலர்ந்த மென்துணியால் மெல்லத் தட்டினால் போய்விடும்.

நான்காவது வகை ஒன்று உண்டு. பல வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. மழை முடிந்த ஒரு மாலை, ஜன்னல் திறந்திருந்தது. என் பழைய எல்சிடி திரையில் ஒரு கறுப்புப் புள்ளி. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது. எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு பூச்சி, பின்னொளியின் வெளிச்சத்துக்கு மயங்கிப் பேனலுக்கு உள்ளேயே நுழைந்து நடந்துகொண்டிருந்தது. நான் கட்டைவிரலால் அழுத்தினேன். செத்தது, அங்கேயே ஒட்டிக்கொண்டது. இன்று அந்த மானிட்டர் என் இரண்டாவது திரை. எக்செல் தாளைத் திறந்தால் எஃப் நெடுவரிசைக்குப் பக்கத்தில் இன்னும் அந்தப் பூச்சி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அழுத்தாதீர்கள். திரையை அணைத்து, அறையை இருட்டாக்கி, மானிட்டருக்குப் பக்கத்தில் மேசை விளக்கை எரியவிட்டால் தானாக வெளியேற வாய்ப்பு உண்டு.

இனிச் சீர்மை. கறுப்புப் படத்தில் எல்சிடி திரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் மேகம் போல வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். பேனலை வளைத்துச் சட்டத்தில் பொருத்துவதால் மூலைகளில் இறுக்கம் இருக்கும். கொஞ்சம் கசிவு எல்லாத் திரையிலும் வரும். உட்காரும் இடத்திலிருந்து, நீங்கள் வழக்கமாக வைக்கும் வெளிச்ச அளவில் அது கண்ணைக் குத்தினால்தான் குறை. போனில் படம் எடுத்துப் பார்த்துப் பதறாதீர்கள். இருட்டில் போன் தானாகவே ஒளியை ஏற்றி எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத கசிவும் படத்தில் தீப்பந்தம் போலத் தெரியும்.

ஓஎல்இடியில் கசிவு இருக்காது. அதற்குப் பதிலாகக் கருஞ்சாம்பல் படத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் தெரியலாம், சலவை செய்த வேட்டியில் மடிப்பு தெரிவது போல. முதல் சில சமன்செய்தலுக்குப் பிறகு இவை குறைவதும் உண்டு. அதனால் முதல் நாளும் ஐந்தாம் நாளும் பார்த்து ஒப்பிடுங்கள்.

9. அசைவுச் சோதனை

இணையத்தில் டெஸ்ட் யூஎஃப்ஓ என்ற இலவசச் சோதனைப் பக்கம் இருக்கிறது. பறக்கும் தட்டு ஒன்று திரையில் ஓடும். அதைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். தட்டுக்குப் பின்னால் மங்கலான நிழல் வந்தால் பேனல் மெதுவாக மாறுகிறது. வெளிறிய ஒளிவட்டம் வந்தால் ஓவர்டிரைவ் என்ற வேகமூட்டும் வசதி அளவுக்கு மீறி இருக்கிறது.

பெட்டியில் 1 மில்லி விநாடி என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து எடுத்த எண். அந்த உச்சத்தில் ஒளிவட்டம் தாங்க முடியாது. ஆகவே ஓவர்டிரைவை நடுநிலையில் வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். 240 ஹெர்ட்ஸில் ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம் 4.17 மில்லி விநாடி, 144இல் 6.94, 60இல் 16.67. விளையாட்டு எப்போதும் உச்ச வேகத்தில் ஓடாது. கனமான காட்சியில் 70க்கு இறங்கும். உச்சத்தில் அழகாக இருந்த ஓவர்டிரைவ் அளவு 70இல் ஒளிவட்டம் விடலாம். எனவே திரையை 240, 120, 60 என்று மூன்று வேகத்திலும் வைத்து அதே சோதனையைச் செய்து, மூன்றிலும் பொறுக்கக்கூடிய அளவைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வேகத்தில் மட்டும் சோதிப்பது காலி சாலையில் மட்டும் பிரேக்கைப் பார்த்து வண்டி வாங்குவது.

விஏ பேனலுக்குத் தனிச் சோதனை. கறுப்புப் பின்னணியில் சாம்பல் எழுத்துள்ள ஒரு நீண்ட பக்கத்தைத் திறந்து, சக்கரத்தை வேகமாக உருட்டுங்கள். எழுத்துகள் ஈர மையை விரலால் தேய்த்தது போல மேல்நோக்கி இழுபட்டு, ஓரத்தில் செந்நிறம் கலங்கி, உருட்டுவதை நிறுத்தியதும் பட்டென்று கூடுகின்றனவா? அதுதான் கறுப்பு இழுவல். இருண்ட குகை, இரவுக் காடு போன்ற காட்சிகளில் இது நாள் முழுவதும் வரும். சிலருக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்தவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது. உங்கள் கண் எந்த ரகம் என்பதை இந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

10. மாறும் புதுப்பிப்பு வேகமும் மினுக்கலும்

ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் என்று எந்தப் பெயரில் வந்தாலும் வேலை ஒன்றே: கார்டு சட்டகத்தைத் தரும் வேகத்துக்குத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும். விஏ, ஓஎல்இடி இரண்டிலும் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. வேகம் திடீரென ஏறி இறங்கினால், இருண்ட காட்சி விளக்குத் திரி போல மினுக்கும்.

சோதிக்க எளிய வழி, உங்களிடம் உள்ள விளையாட்டில் ஏற்றுத் திரை (லோடிங்) வரும் இடத்தையும் சாம்பல் நிற மெனுவையும் பார்ப்பது. அங்கேதான் வேகம் மிக அதிகமாகத் தாவும். ஏற்றுத் திரையில் மட்டும் மினுக்கினால் கவலை வேண்டாம். விளையாட்டின் நடுவிலும் மினுக்கினால், சட்டக வேகத்துக்கு ஒரு மேல்வரம்பு கட்டிப் பாருங்கள்; வேகம் ஒரே நிலையில் நின்றால் மினுக்கல் அடங்கும். அப்படியும் அடங்காவிட்டால் கெடுவுக்குள் திருப்பி அனுப்ப இது போதுமான காரணம்.

11. வளைவுக்குப் பழகுவது: மூன்று நாள் பொறுங்கள்

முதல் நாள் நேர்க்கோடுகள் எல்லாம் வில் போலத் தெரியும். எக்செல் தாளின் மேல்வரி நடுவில் தொய்ந்தது போலத் தோன்றும். இதைக் குறை என்று எண்ணி முதல் நாளே திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. மூன்று நாளில் கண் பழகிவிடும். நான்காம் நாளும் தலைவலி வந்தால் அது உங்கள் உடம்பின் தீர்ப்பு, வாதம் வேண்டாம். கட்டடப் படம் வரைகிறவர்கள், நேர்க்கோட்டை நம்பிப் பிழைப்பவர்கள் 1000ஆர் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

இந்த மூன்று நாளில் எதிரொளிப்பையும் கவனியுங்கள். தட்டைத் திரையில் ஜன்னல் ஒரு சதுரமாகத் தெரியும். வளைந்த திரையில் அதே ஜன்னல் பக்கவாட்டில் இழுபட்டு, பட்டை போல விரியும். காலை பத்து மணி, மதியம் இரண்டு, மாலை ஐந்து என்று மூன்று வேளையும் கறுப்புப் படம் போட்டு நாற்காலியிலிருந்து பாருங்கள். மேசையைச் சற்றுத் திருப்பினால் தீருமா, திரைச்சீலை மாட்ட வேண்டுமா என்று தெரிந்துவிடும்.

12. எச்டிஆர் கடைசியாக

எச்டிஆர் என்பது மிக வெளிச்சமான இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் ஒரே காட்சியில் காட்டும் வசதி. அதை முதலில் தொட்டால் மற்ற எல்லாச் சோதனையையும் அது குழப்பிவிடும். அதனால்தான் இங்கே வைத்தேன்.

டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 என்ற முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள். அது 400 நிட் (வெளிச்சத்தின் அளவு) உச்ச வெளிச்சத்தைக் கேட்கிறது. பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதியைக் கேட்பதில்லை. அந்த வசதி இல்லாத எல்சிடியில் எச்டிஆர் போட்டால் நிலவோடு சேர்ந்து வானமும் வெளுக்கும். உண்மையான எச்டிஆர் வேண்டுமென்றால் ஓஎல்இடி, அல்லது பின்னொளி பகுதி பகுதியாக மங்கும் மினி-எல்இடி. சாம்சங் 2021இல் வெளியிட்ட 49 அங்குல நியோ ஜி9இல் 2,048 பகுதிகள் இருந்தன.

விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்டின் எச்டிஆர் அளவீட்டு நிரலை நிறுவி, அது கேட்கும் மூன்று படங்களையும் சரிசெய்யுங்கள். பிறகு கறுப்புப் பின்னணியில் ஒரு சிறிய வெள்ளைச் சன்னலை (விண்டோ) திறந்து, மெல்ல மெல்லத் திரை முழுவதற்கும் இழுங்கள். ஓஎல்இடி என்றால் சன்னல் பெரிதாகப் பெரிதாக வெள்ளை மங்கும். சூட்டையும் மின்சாரத்தையும் கட்டுப்படுத்த அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. குறையா, பொறுக்கத்தக்கதா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. நாள் முழுவதும் வெள்ளைப் பக்கத்தில் எழுதுகிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம் எரிச்சல். விளையாட்டில் யாரும் கவனிப்பதில்லை.

13. எட்டாம் நாள்

பத்து நாள் கெடு என்றால் முடிவை எட்டாம் நாளில் எடுங்கள். ஒன்பதாம் நாள் ஞாயிறாக இருக்கலாம், மழையில் கூரியர் வராமல் போகலாம். கார்த்திகை மாதம் வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வீட்டு வாசலுக்கு வெளியே எட்டிப் பார்க்கவே முடியவில்லை.

அன்று இரவு, வீடு அடங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு மானிட்டருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். உயர்ரகத் திரைகள் சிலவற்றில் உள்ளே குளிர்விக்கும் விசிறி இருக்கும். சிலவற்றில் வெள்ளைப் படம் போட்டால் மின்சுருள் கீச்சென்று கத்தும். பகலில் தெருச் சத்தத்தில் கேட்காது. கேட்டால் வீடியோவில் பதிந்துகொள்ளுங்கள்.

பழுதான பிக்சல், விளையாட்டின் நடுவே அடங்காத மினுக்கல், உட்காரும் இடத்திலிருந்தே தெரியும் கசிவு, கீச்சொலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். எழுத்தின் நிறக்கோடு, பகல் வெளிச்சத்தில் வெளுக்கும் கறுப்பு, வெள்ளைச் சன்னல் மங்குவது ஆகியவை அந்த ரகத்தின் குணம். மாற்றி வாங்கினாலும் அதுவே வரும். பணத்தைத் திரும்பப் பெறும் வழி இருந்தால் வேறு ரகத்துக்குப் போங்கள். இல்லையென்றால் திரைச்சீலைக்கு அளவெடுங்கள்.

பெட்டியையும் தெர்மாகோலையும் உத்தரவாதம் முடியும்வரை எறியாதீர்கள். வளைந்த திரைக்கு அதே வார்ப்புள்ள தெர்மாகோல் இல்லாமல் எந்தச் சேவை மையத்துக்கும் பத்திரமாக அனுப்ப முடியாது. பரணில் வையுங்கள்; தரைத்தளத்துக் கட்டிலுக்கு அடியில் வேண்டாம், ஐப்பசியில் தண்ணீர் முதலில் போகும் இடம் அதுதான்.